வாய்க்கால் மேட்டுக் கும்பிடு

குடிலம்மாவிடம் கேட்டால்தான் பதில் கிடைக்கும். கேட்காதவரிடம் அவர் ஒரு வார்த்தை சொல்லமாட்டார்.

அது அந்தக் குடிலின் வழக்கம். அங்கே தங்கியிருந்த ஐந்தாறு பேரும் அதற்குப் பழகியிருந்தார்கள். ரசத்தில் உப்பு கரித்தாலும் யாரும் வாய் திறக்கமாட்டார்கள். "உப்பு எப்படி இருக்குதுங்க?" என்று சமைத்தவர் கேட்கவேண்டும். கேட்டுவிட்டால் தாட்சண்யம் பார்க்காமல் சொல்லிவிடுவார்கள். அறிவுரை கேட்டே காது புளித்துப்போன ஜனங்களுக்கு அந்த இடம் பெரிய ஆறுதலாக இருந்தது. அதற்காகவே பலர் வந்தார்கள்.

குடிலம்மாவின் பெயர் மரகதம். நாற்பத்தைந்து வயதுகூட இருக்காது. அவருடைய சீடர்களில் தேவசிகாமணிக்கு அறுபது தாண்டிவிட்டது. மின்சார வாரியத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். மனைவி போன பிறகு வீட்டுக்குள் இருக்க முடியாமல் ஒரு நாள் இங்கே வந்து, "இருக்கலாங்களா?" என்று கேட்டார். "இருங்க" என்று அம்மா சொன்னார். இருந்துவிட்டார்.

வாய்க்காலின் கீழ்க்கோடியில் ஊர், மேல்கோடியில் குடில். இரண்டுக்கும் நடுவே வாய்க்கால் மேடுதான் பாதை. ஒரு பக்கம் தண்ணீர், மறுபக்கம் தென்னந்தோப்பு. எதிரும் புதிருமாக இரண்டு சைக்கிள்கள் வந்தால் ஒதுங்கித்தான் போகவேண்டும். மதகுக்குப் பக்கத்தில் அதுவும் குறுகிவிடும். அங்கே கைப்பிடிச் சுவர் இடிந்து பல காலம் ஆயிற்று.

தேவசிகாமணி தினமும் சாயங்காலம் சைக்கிளில் ஊருக்குள் போய்க் கோயிலில் கூட்டு வழிபாடு நடத்துவார். நல்ல குரல். முடித்துவிட்டு இருட்டியபின் திரும்புவார். அந்த நேரத்தில்தான் குடிலுக்கு அப்பால் இருக்கும் தறிக்கூடத்தில் வேலை விட்டு, ஆட்கள் சைக்கிளில் எதிரே வருவார்கள்.

முதல் வருஷம் யாரும் அவரைச் சட்டை செய்யவில்லை. வெள்ளை வேட்டி கட்டிய ஒரு கிழவர் போகிறார், அவ்வளவுதான். மணி அடித்துவிட்டு ஒதுங்கிப் போனார்கள். பழைய டைனமோ விளக்கு மினுக்மினுக்கென்று எரியும். ஒரு தடவை எருமை மேலேயே போய் முட்டிக்கொண்டார்.

அது மகன் காதுக்குப் போயிற்று. பெங்களூரில் இருக்கிறவன். பொங்கலுக்கு வந்தபோது ஒரு விளக்கு வாங்கி வந்து, தன் கையாலேயே சைக்கிளில் முடுக்கிக் கொடுத்தான்.

"அப்பா, இது சார்ஜ் போடற லைட். மூணு அளவு இருக்கு. நீங்க எப்பவும் பெருசுலயே வெச்சுக்குங்க. எதிர்ல வர்றவன் அரை மைலுக்கு அக்கட்டயே ஒதுங்கிருவான்."

"இவ்வளவு எதுக்குடா?"

"அம்மாவும் போயாச்சு. நீங்களாச்சும் பத்திரமா இருங்கப்பா."

அதற்குமேல் அவர் என்ன சொல்வார்? பெரிய அளவிலேயே வைத்துக்கொண்டார். தூரத்தில் வருகிறவனுக்கும் தெரியட்டும் என்று அதைக் கொஞ்சம் மேல் பார்த்தபடியே திருப்பியும் வைத்துக்கொண்டார். வாய்க்கால் மேடு பகல் மாதிரி ஆயிற்று.

அந்தத் தை மாதத்திலிருந்துதான் ஜனங்கள் அவரைக் கும்பிட ஆரம்பித்தார்கள்.

எதிரே வருகிறவர்கள் ஒரு கையைத் தூக்கி நெற்றியில் வைத்தார்கள். வண்டி ஓட்டுகிறவர்கள் இரண்டு கையாலுமா கும்பிட முடியும்? தறிக்காரப் பெண்கள், பால்காரர், தோப்புக்குக் காவல் போகிறவர், எல்லோரும். சிலர் தலையையும் குனிந்துகொண்டார்கள். முதல் நாள் தேவசிகாமணிக்குக் கூச்சமாக இருந்தது. ஒரு வாரத்தில் பழகிவிட்டது. பிறகு அவரும் பதிலுக்குத் தலையசைத்து, "நல்லா இருங்க" என்று சொல்லிக்கொண்டே போனார்.

மனிதருக்கு உள்ளூர ஒரு சந்தோஷம். இத்தனை நாள் உட்கார்ந்த தியானம் முகத்தில் தெரிய ஆரம்பித்துவிட்டது போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டார். இதை அம்மாவிடம் கேட்கலாமா என்று யோசித்தார். தன்னைப் பற்றித் தானே எப்படிக் கேட்பது? அடக்கம் தடுத்தது. கேட்கவில்லை.

கேட்டிருந்தால் சம்பூரணம் இன்றைக்கு இருந்திருப்பாள்.

சம்பூரணம் தறிக்கூடத்தில் நூல் சுற்றுகிறவள். கணவன் நாச்சிமுத்து, ஊர்க் கடைசியில் வீடு. பிள்ளை இல்லை. ஒரு சித்திரை மாதக் காலையில் அவளுடைய சைக்கிள், சோறு கொண்டுபோகும் தூக்குப்போசி மாட்டியபடியே, மதகுச் சரிவில் கிடந்தது. வாய்க்காலில் அப்போது தண்ணீர் கரை புரண்டு ஓடிக்கொண்டிருந்தது. அவளை இரண்டு கிராமம் தள்ளி எடுத்தார்கள்.

விழுந்தாள் என்று யாரும் சொல்லவில்லை. இத்தனை வருஷம் தினமும் போய்வந்த பாதையில் எப்படி விழுவாள் என்றார்கள். அதோடு, முந்தின நாள் காலை புருஷன் பெண்டாட்டிக்குள் நடந்த சண்டை தெருவுக்கே கேட்டிருந்தது. அவளுடைய அண்ணன் பேத்திக்குக் காதுகுத்து. போகவேண்டும் என்று அவள். அந்த வீட்டு வாசப்படி மிதிக்கக்கூடாது என்று அவன். கடைசியில், "போறதுன்னா ஒரேயடியாப் போயிரு" என்று சொல்லிவிட்டான். அவள் பதில் பேசாமல் தூக்குப்போசியை எடுத்துக்கொண்டு வேலைக்குப் போனாள்.

ஊர் இரண்டையும் முடிச்சுப் போட்டுவிட்டது.

காரியம் முடிந்து நாச்சிமுத்து குடிலுக்கு வந்தான். முகம் சவரம் காணாமல் கிடந்தது. தேவசிகாமணிக்கு முன்னால் நின்றான்.

"அய்யா, அன்னிக்கு நீங்கதான் கடைசியா அவளப் பாத்தீங்களாமா?"

"ஆமாங்க. மதகுகிட்ட எதிர்க்க வந்தாங்க."

"எப்படி இருந்தாளுங்க? அழுதுட்டு வந்தாளா?"

தேவசிகாமணிக்கு அவனைப் பார்க்கப் பாவமாக இருந்தது. ஏதாவது நல்ல வார்த்தை சொல்லவேண்டும் என்று தோன்றியது.

"அழுகலீங்க. அமைதியா வந்தாங்க. கையத் தூக்கி ஒரு கும்பிடு போட்டாங்க பாருங்க, இன்னும் கண்ணுலயே நிக்குது. தலையக் குனிஞ்சு, கண்ண மூடி, விடை வாங்கிட்டுப் போறவங்களாட்ட இருந்துச்சு."

நாச்சிமுத்து தலையை ஆட்டிக்கொண்டான்.

"அப்ப முடிவு பண்ணிட்டுத்தான் வந்திருக்கறா" என்றான். "நான் சொன்னத எடுத்துக்கிட்டா."

வேறு ஒன்றும் கேட்காமல் திரும்பிப் போனான். அதன்பின் அவன் வேலைக்குப் போகவில்லை என்றும், பக்கத்து வீட்டில் கொண்டுவந்து வைக்கிற சோற்றைத் தொடுவதில்லை என்றும் பேசிக்கொண்டார்கள். இப்படியே விட்டால் இவனும் வாய்க்காலுக்குத்தான் போவான் என்று பால்காரர் வாசலில் நின்று சொல்லிவிட்டுப் போனார்.

தேவசிகாமணிக்குத் தூக்கம் போயிற்று. பால்காரர் சொன்ன அன்று மாலையே குடிலம்மாவுக்கு முன்னால் போய் உட்கார்ந்தார். அம்மா புளி கொட்டை எடுத்துக்கொண்டிருந்தார்.

"அம்மா, ஒண்ணு கேக்கணுங்க."

"கேளுங்க."

"அந்தப் பொண்ணு என்னையக் கும்பிட்டா. நானும் மனசார 'நல்லா இருங்க'ன்னு சொன்னேன். சொல்லி வாய் மூடறதுக்குள்ள போயிட்டா. என்ற வாக்கு ஏன் பலிக்கலீங்க? என்கிட்ட என்னங்க கொறை?"

அம்மாவின் கை நின்றது. அவர் தேவசிகாமணியை நிமிர்ந்து பார்க்கவில்லை. புளியையே பார்த்துக்கொண்டிருந்தார். எந்தக் கேள்விக்கும் அவர் அவ்வளவு நேரம் எடுத்துக்கொண்டதில்லை.

"உங்க வண்டிய எனக்குக் குடுங்க" என்றார். "நீங்க என்ற வண்டிய எடுத்துக்குங்க."

"எங்கீங்க போறோம்?"

"மேட்டு மேலதான். நான் முன்னால போயிட்டு, திரும்பி வர்றேன். நல்லா இருட்டினதுக்கப்பறம் நீங்க இங்கிருந்து கிளம்பி எதிர்க்க வாங்க. மதகு வரைக்கும் வேண்டாம். களத்துப் பக்கம் மேடு அகலமா இருக்குதில்ல, அங்கயே சந்திச்சுக்கலாம். மெதுவா வாங்க."

அம்மாவின் வண்டியில் விளக்கு மங்கல். டைனமோ சக்கரத்தில் உரசி முனகிக்கொண்டே வந்தது. ஆனாலும் கண் பழகப் பழகத் தேவசிகாமணிக்குப் பாதை தெரிந்தது. தண்ணீரின் மேல் வானத்து வெளிச்சம் லேசாகக் கிடந்தது. தென்னை மரங்கள் தெரிந்தன. மேட்டின் ஓரத்துப் புல்கூடத் தெரிந்தது. அடடா, இந்த வாய்க்காலைப் பார்த்து எவ்வளவு நாள் ஆயிற்று என்று நினைத்துக்கொண்டார்.

எதிரே வெளிச்சம் வந்தது.

முதலில் ஒரு புள்ளி. பிறகு அது வளர்ந்தது. வளர வளர மரங்கள் போயின. தண்ணீர் போயிற்று. காலடியில் இருந்த பாதையும் போயிற்று. அவருடைய சொந்த விளக்குதான், அவர் மகன் வாங்கிக் கொடுத்ததுதான். அதற்குப் பின்னால் யார் வருகிறார்கள், வண்டியா லாரியா என்றே தெரியவில்லை. வெள்ளையாக ஒரு சுவர் வந்து முகத்தில் மோதியது.

அவருடைய இடது கை தானாக ஹேண்டில்பாரை விட்டுவிட்டு நெற்றிக்குப் போயிற்று. தலை குனிந்தது. கண் மூடிக்கொண்டது.

"நல்லா இருங்க" என்றது எதிரே வந்த குரல்.

வெளிச்சம் கடந்து போயிற்று. அதற்குப் பிறகுதான் நிஜமான இருட்டு வந்தது. கண்ணுக்குள் பச்சையும் சிவப்புமாக என்னவோ நீந்தியது. மேடு எங்கே முடிகிறது, தண்ணீர் எங்கே தொடங்குகிறது, ஒன்றும் பிடிபடவில்லை. ஒற்றைக் கையில் வண்டி ஆடியது. தேவசிகாமணி பதறிப்போய்க் காலை ஊன்றினார். அகலமான இடமாக இருந்ததால் கால் மண்ணில் பட்டது.

நின்றார். கை இன்னும் நெற்றியிலேயே இருந்தது.

அம்மா வண்டியைத் திருப்பிக்கொண்டு வந்து, விளக்கை அணைத்துவிட்டுப் பக்கத்தில் நின்றார்.

"கையத் தூக்கினீங்களே, யாரைங்க கும்பிட்டீங்க?"

தேவசிகாமணி கையை இறக்கி அதையே பார்த்தார். யாருடைய கையையோ பார்ப்பதுபோல் பார்த்தார். தறிக்காரப் பெண்கள், பால்காரர், தோப்புக் காவல்காரர், ஒவ்வொருவராக ஞாபகத்துக்கு வந்தார்கள். தை, மாசி, பங்குனி முழுக்க அத்தனை பேரையும் குருடாக்கிவிட்டு, அவர்களுக்கு ஆசீர்வாதமும் செய்துகொண்டு வந்திருக்கிறார்.

மதகு ஞாபகத்துக்கு வந்தது.

"அன்னிக்குப் பின்னால ஒரு சத்தம் கேட்டுச்சுங்க" என்றார். "தொப்புன்னு. தென்னமட்டை விழுந்துருச்சுன்னு நெனச்சேன். திரும்பிக்கூடப் பாக்கல. சாமி பாட்டுப் பாடிட்டே போயிட்டேன்."

அங்கேயே மண்ணில் உட்கார்ந்து அழுதார். அறுபது தாண்டிய மனிதர் குழந்தை மாதிரி ஏங்கி ஏங்கி அழுதார். மனைவி போனபோதுகூட அவர் அப்படி அழவில்லை. அம்மா தடுக்கவில்லை. தண்ணீர் தன் பாட்டுக்குப் போய்க்கொண்டிருந்தது.

அழுது ஓய்ந்தபின் தலை நிமிர்ந்தார்.

"அம்மா, உங்களுக்கு இது முன்னாடியே தெரியுங்களா?"

"தெரியும்."

"எப்படிங்க?"

"தை கடைசியில ஒரு நாள் ஊருக்குப் போயிருந்தேன். திரும்பி வர்றப்ப, முன்னால போயிட்டு இருந்த நீங்க எதையோ மறந்துட்டீங்களாட்ட இருக்குது, திரும்பி வந்தீங்க. நான்னு உங்களுக்குத் தெரியல. நானும் கையத் தூக்கினேன். எனக்கும் நல்லா இருங்கன்னு சொல்லிட்டுத்தான் போனீங்க. வண்டி ஆடி வரப்பு மேல ஏறி நின்னுச்சு. தோப்புப் பக்கமா ஆடினதால தப்பிச்சேன்."

"அன்னைக்கே சொல்லியிருக்கலாமுங்களே?"

"நீங்க கேக்கல."

எத்தனையோ பேர் மெச்சிக்கொண்ட வார்த்தை அது. குடிலுக்கு வந்தவர்கள் அதை வீட்டுக்குக் கொண்டுபோய் மற்றவர்களிடம் சொல்லியிருக்கிறார்கள். அன்றைக்கு அது அம்மாவின் வாயிலிருந்து வந்து அப்படியே இருட்டில் நின்றது. அவருக்கே அதைக் கேட்கச் சகிக்கவில்லை என்பது தேவசிகாமணிக்குத் தெரிந்தது.

"நீங்களே ஒரு நாளைக்கு 'எல்லாரும் எதுக்குக் கும்பிடறாங்க'ன்னு வந்து கேப்பீங்கன்னு இருந்தேன்" என்றார் அம்மா. "அப்பச் சொன்னா மனசுல நிக்கும்னு நெனச்சேன். சொல்லிக்குடுக்கறதுக்கு நல்ல நேரம் பாத்துட்டு இருந்தேனுங்க. அந்தப் பொண்ணு அதுக்குள்ள போயிட்டா."

தேவசிகாமணி அம்மாவை அதுவரை ஒரு முறைகூட அழப் பார்த்ததில்லை. அப்போதும் இருட்டில் சரியாகத் தெரியவில்லை.

"நாச்சிமுத்துகிட்ட என்னங்க சொல்றது?" என்றார்.

"நடந்ததைச் சொல்லணும்."

"அடிச்சாலும் அடிப்பாருங்க."

"அடிக்கட்டும். வாங்க, நானும் வர்றேன்."

"அவரு நம்மளைக் கேக்கலீங்களே அம்மா?"

"கேக்காட்டியும் சொல்லணும்" என்றார் குடிலம்மா.

விளக்கைப் போட்டுச் சின்ன அளவில் வைத்து, அதன் மூக்கைத் தரையைப் பார்க்கத் திருப்பினார். முன்சக்கரத்துக்கு முன்னால் ஒரு முறம் அகலத்துக்கு மண் தெரிந்தது. போவதற்கு அது போதுமாக இருந்தது. இருவரும் வண்டிகளைத் தள்ளிக்கொண்டு நடந்தார்கள். ராத்திரி முறை வேலைக்காக எதிரே வந்த தறிக்காரப் பெண்கள் மணி அடித்துவிட்டு ஒதுங்கிப் போனார்கள். ஒருவர்கூடக் கையைத் தூக்கவில்லை.

மதகில் தேவசிகாமணி நின்றார். அம்மாவும் நின்றார். பிறகு நடந்தார்கள்.

நாச்சிமுத்து வீட்டுக் கதவு திறந்தே கிடந்தது. உள்ளே மஞ்சள் பல்பு எரிந்தது. சம்பூரணத்தின் தூக்குப்போசி கழுவிக் கவிழ்த்தபடி அலமாரியில் இருந்தது. பக்கத்து வீட்டுச் சோறு தட்டால் மூடியபடியே இருந்தது. நாச்சிமுத்து சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தான். வந்தவர்களைப் பார்த்து எழுந்திருக்கப் போனான்.

"உக்காருங்க" என்றார் தேவசிகாமணி. தான் உட்காரவில்லை. "அன்னிக்கு உங்ககிட்டச் சொன்னது தப்புங்க."

"எதுங்க?"

"உங்க ஊட்டுக்காரம்மா என்னையக் கும்பிடலீங்க. என்ற வண்டி லைட்டு கண்ணக் கூசிருச்சு. மறைக்கறதுக்குக் கையத் தூக்கினாங்க. நாம்பாட்டுக்குக் கும்பிடறாங்கன்னு நெனச்சுட்டேன். எல்லாரையுமே அப்படித்தான் நெனச்சுட்டு இருந்தேன். ஒத்தக் கையில வண்டி தடுமாறியிருக்குது, கண்ணு வேற தெரிஞ்சிருக்காது. சத்தம் கேட்டுச்சு. நான் திரும்பிப் பாக்கல. பாத்திருந்தாக் காப்பாத்தியிருக்கலாம்."

சொல்லி முடித்துவிட்டு அடிக்காகக் காத்து நின்றார். அடி விழுந்தால் தேவலை என்றிருந்தது அவருக்கு.

"எனக்கும் இதுல பங்கு இருக்குதுங்க" என்றார் குடிலம்மா. "இந்த லைட்டு ஆளக் கீழ விழுத்தாட்டிரும்னு எனக்கு முன்னாலயே தெரியும். தெரிஞ்சும் சும்மா இருந்துட்டேன்."

நாச்சிமுத்து எழுந்து அடிக்கவில்லை. கத்தவில்லை. தேவசிகாமணியைப் பார்க்கக்கூட இல்லை. வெளியே வாசலில் தரையைப் பார்த்து எரிந்துகொண்டிருந்த அந்தச் சின்ன வெளிச்சத்தையே பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு அம்மாவின் பக்கம் திரும்பினான்.

"அம்மா, நீங்க சொல்லுங்க. அப்ப அவ ஊட்டுக்குத்தான் வந்துட்டு இருந்தாளா?"

"ஊட்டுக்குத்தாங்க வந்துட்டு இருந்தாங்க" என்றார் குடிலம்மா. "நாங்க ரெண்டு பேருந்தான் வரவிடல."